புது மாடல் எவ்ளோ வந்தாலும் பழைய ‘ஸ்போர்ட் டூரிங்’ பைக்கை விடாத ரைடர்கள்... காரணம் பாசம் மட்டும்தானா?

போன் என்றால் மூணு வருஷம். டிவி என்றால் ஏழெட்டு வருஷம். பைக்கும் பலருக்கு அப்படித்தான், புது மாடல் வந்ததும் பழசை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு ஷோரூமுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரே ஒரு ரகத்தில் மட்டும் இந்தக் கணக்கு வேலை செய்வதே இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 20, 25 வருஷப் பழைய ஹோண்டாவையோ கவாஸாகியையோ வெச்சுக்கிட்டு, "இதுக்கு மாற்று எதையாவது காட்டுங்க, வாங்கிக்கிறோம்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்த ரகத்துக்குப் பெயர் ஸ்போர்ட் டூரிங்.

அப்படி என்னதான் இருக்கு அந்த வண்டிகளில்? பழசை ஓட்டுவதில் ஆபத்து எதுவும் இல்லையா? நம்ம ஊர் கரிஸ்மாவுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

ஸ்போர்ட் டூரிங்னா என்ன?

இதுக்குத் தமிழில் பொருத்தமான சொல் இன்னும் அமையவில்லை. ‘விரைவுப் பயண ஈருருளி’ என்று எழுதினால் படிக்கிற யாருக்கும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. அதனால் விளக்கியே சொல்லிவிடலாம்.

ரேஸ் பைக் வேகமாகப் போகும், ஆனால் இரண்டு மணி நேரம் குனிந்து ஓட்டினால் மணிக்கட்டும் இடுப்பும் போய்விடும். பெரிய டூரிங் பைக் சோபா மாதிரி இருக்கும், ஆனால் மலைப்பாதை வளைவில் திருப்புவதற்குள் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இது. வலுவான இன்ஜின், காற்றைத் தடுக்கும் முழு ஃபேரிங், பெரிய பெட்ரோல் டேங்க், இரண்டு பக்கமும் பூட்டக்கூடிய பெட்டி, ஓரளவு நிமிர்ந்து உட்காரும் சீட். காலையில் கிளம்பி 800 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்த பிறகும் மறுநாள் மலையில் ஜாலியாக ஓட்டத் தெம்பு இருக்கணும். அதுதான் இந்த வண்டியின் வேலை.

இதன் தொடக்கமாக 1976-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் பைக்கைப் பலரும் சொல்வார்கள். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து வடிவமைத்த முழு ஃபேரிங்கோடு விற்பனைக்கு வந்த வண்டி அது. மழையிலும் குளிரிலும் வேகமாகப் போகலாம் என்று காட்டியது. அதுக்கப்புறம் ஜப்பான் கம்பெனிகள் களத்தில் இறங்கின. இன்று ரைடர்கள் விடாமல் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த ஜப்பான் வண்டிகளைத்தான்.

சீட்டுக்குக் கீழே 28 லிட்டர்

ஹோண்டா எஸ்டி 1100 என்று ஒரு வண்டி. ஐரோப்பாவில் இதன் பெயர் பான் யூரோப்பியன். 1990-ல் இருந்து 2002 வரை விற்றது. ஏன் இதை விட மாட்டேன் என்கிறார்கள் என்பதை இந்த ஒரு வண்டியை வைத்தே கிட்டத்தட்ட முழுசாக விளக்கிவிடலாம்.

1,084 சிசி, வி வடிவில் நாலு சிலிண்டர். வழக்கமாக வண்டிக்குக் குறுக்கே இருக்கும் கிராங்க் இதில் நீளவாக்கில் இருக்கும். பல கார்களில் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ். இன்ஜின் ஏற்கெனவே நீளவாக்கில் சுழல்வதால் அந்தச் சுழற்சியை ஷாஃப்ட் வழியாகப் பின்னால் கொண்டுபோவதும் சுலபம்.

அடுத்ததுதான் விசேஷம். பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது வெறும் மூடி மாதிரி. உண்மையான டேங்க் சீட்டுக்கு அடியில், தாழ்வாக இருக்கிறது. கொள்ளளவு 28 லிட்டர். பெட்ரோல் எடை கீழே இறங்கிவிடுவதால், 300 கிலோவுக்கு மேல் இருக்கும் இந்த வண்டி ஓட ஆரம்பித்ததும் அந்த எடையைக் காட்டாது. நிறுத்தி வைத்துத் தள்ளினால் காட்டும், அது வேற விஷயம்! ஒரு முறை டேங்கை நிரப்பினால் 450 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். நம்ம ஊர் கணக்கில், சென்னையில் நிரப்பினால் மதுரை வரை பங்க் பக்கம் திரும்பவே வேண்டாம்.

வண்டி சாய்ந்து விழுந்தால்கூட பாடி நொறுங்காமல் இருக்க, ஃபேரிங்குக்குள் மறைவாகத் தாங்கு கம்பி வைத்திருந்தார்கள். பெட்டிகள் பின்னால் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இல்லாமல் வண்டியின் வடிவத்தோடு சேர்ந்தே வந்தன. பிரிட்டன் போலீஸ் இதைப் பல வருஷம் ரோந்துக்கு வைத்திருந்தது. நாள் முழுக்க ஓடி, நடுநடுவே துரத்தவும் செய்கிற வேலைக்கு அது தாங்கியது என்றால், விடுமுறைக்கு மலை ஏறுபவருக்கு எவ்வளவு காலம் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

செயினுக்கு எண்ணெய் போடும் வேலையே இல்லை

செயின் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். 500, 700 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினைத் துடைத்து ஸ்ப்ரே அடிக்கணும். மழையில் ஓட்டினால் அன்றைக்கே அடிக்கணும். தொய்வு பார்க்கணும். சுமார் 20,000 - 30,000 கிலோமீட்டரில் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டே மாற்ற வேண்டி வரும். தினமும் ஆபீஸ் போய்வருபவருக்கு இது பெரிய தலைவலி இல்லை. ஒரே வாரத்தில் 4,000 கிலோமீட்டர் சுற்றுபவருக்கு, தினமும் ராத்திரி லாட்ஜ் வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து செய்யும் வேலை.

ஷாஃப்ட் டிரைவில் இது எதுவும் கிடையாது. பின்சக்கர கியர்பாக்ஸில் குறிப்பிட்ட இடைவெளியில் ஆயில் மாற்றினால் போதும். குறையும் உண்டு: எடை கூடும், இன்ஜின் சக்தியில் கொஞ்சம் வழியிலேயே போகும், விலையும் அதிகம். நேர்கோட்டில் வேகப்பந்தயம் விடுபவர் இதை விரும்ப மாட்டார். தூரம் போகிறவருக்கு ஒரு தடவை பழகிவிட்டால் திரும்பச் செயினுக்கு வர மனசு வராது.

நான் படித்துப் பார்த்த வரையில், இந்த விசுவாசத்தின் நிஜமான முடிச்சு இங்கேதான் இருக்கு. ஏன் என்றால், இன்று ஜப்பான் கம்பெனிகள் ஸ்போர்ட் டூரிங் என்ற பெயரில் விற்கும் வண்டிகளைப் பாருங்கள். கவாஸாகி நிஞ்சா 1100எஸ்எக்ஸ், யமஹா ட்ரேஸர் 9 ஜிடி, சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிடி, ஹோண்டா என்டி1100. நல்ல வண்டிகள்தான். எல்லாமே எடை குறைவு, எலக்ட்ரானிக்ஸ் அதிகம். ஆனால் நாலுமே செயின் டிரைவ். ஷாஃப்ட் வேணும் என்றால் பிஎம்டபிள்யூ பக்கம் போகணும். அங்கே ஆர்டி வரிசையும் ஆறு சிலிண்டர் கே1600 வரிசையும் இருக்கு. விலையும் சர்வீஸ் செலவும் வேற லெவல்.

ஆக, "பழசை விட மாட்டேங்கிறார்" என்று நாம் சொல்லும் ஆள், கடையில் போய்ப் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டியது அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தவராகவும் இருக்கலாம்.

20 வருஷம் மாறாத கவாஸாகி

கவாஸாகி ஜிடிஆர் 1000. அமெரிக்காவில் இதன் பெயர் கான்கர்ஸ். 1986-ல் வந்தது. 2006 வரை ஓடியது. இடையில் 1994-ல் முன்சக்கரம், பிரேக் என்று சில மாற்றங்கள் செய்தார்கள். மற்றபடி அதே இன்ஜின், அதே கார்புரேட்டர், அதே 28 லிட்டருக்கு மேல் பிடிக்கும் டேங்க். உலகமே ஃப்யூவல் இன்ஜெக்ஷனுக்குப் போன பிறகும் இது கார்புரேட்டரிலேயே நின்றது.

பத்திரிகைகள் அப்போதே ‘டைனோசர்’ ரேஞ்சுக்குக் கிண்டல் செய்திருக்கும். ஆனால் வாங்கியவர்களுக்கு இதில்தான் லாபம். 20 வருஷம் ஒரே வண்டி என்றால், உதிரி பாகங்களும் பெரும்பாலும் பொதுவானவை. ஒரு பழைய வண்டியை உடைத்து விற்றால் பத்து வண்டிக்குச் சாமான் கிடைக்கும். கம்ப்யூட்டர் இல்லை, அதனால் கம்ப்யூட்டர் கோளாறும் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு ஷெட்டிலேயே பெரும்பாலான வேலையை முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கு. இந்த வண்டிக்கு என்ன நோய் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். டேங்கில் இருந்து பெட்ரோல் வரும் வால்வும் கார்புரேட்டரில் இருக்கும் ஊசியும் தேய்ந்துபோனால், நிற்கும் வண்டியில் பெட்ரோல் மெதுவாகக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அது தெரியாமல் செல்ஃப் அடித்தால், திரவத்தை அமுக்க முடியாமல் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். பயங்கரமான கோளாறுதான். ஆனால் பழைய கான்கர்ஸ் ஆட்களுக்கு இது பாடம் மாதிரி மனப்பாடம். அந்த வால்வை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறார்கள்.

ஹோண்டா விஎஃப்ஆர் வைத்திருப்பவரிடம் கேட்டால் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் பற்றிச் சொல்வார், அது சூடாகிப் போய்விடும் என்று. முதல் சில வருஷ எஸ்டி 1100-ல் இருந்த 28 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பலவீனமானது. பின்னாளில் வந்த 40 ஆம்பியரைத் தேடிப் பிடித்து மாற்றிக்கொள்வார்கள். புது வண்டியில் எது எப்போ போகும் என்று யாருக்கும் தெரியாது. பழைய வண்டியில் எது போகும், போனால் என்ன செய்யணும், இரண்டும் தெரியும். வீட்டில் இருந்து 1,500 கிலோமீட்டர் தள்ளி, ஆள் அரவம் இல்லாத ரோட்டில் நிற்கும்போது இதன் மதிப்பு புரியும்.

எஃப்ஜேஆர் போன கதை

இந்த ரகத்தில் கடைசி வரை நின்ற ஜப்பான் வண்டி என்று யமஹா எஃப்ஜேஆர் 1300-ஐச் சொல்லலாம். 2001-ல் ஐரோப்பாவில் வந்தது. 1,298 சிசி, நாலு சிலிண்டர், ஷாஃப்ட் டிரைவ், 25 லிட்டர் டேங்க், பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் விண்ட்ஷீல்டு. வால்வு கிளியரன்ஸ் பார்க்க வேண்டியது சுமார் 42,000 கிலோமீட்டருக்கு ஒரு முறைதான். 2013-ல் க்ரூஸ் கன்ட்ரோல் வந்தது, 2016-ல் ஆறாவது கியர் வந்தது. ஜப்பான் போலீஸின் வெள்ளை பைக்குகளிலும் இது உண்டு.

24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டினால் சான்றிதழ் தரும் ‘அயர்ன் பட் அசோசியேஷன்’ என்று அமெரிக்காவில் ஒரு அமைப்பு இருக்கு. பெயரின் அர்த்தம் இரும்புப் பிட்டம்! அந்த மாதிரி நீண்ட தூர ஓட்டத்துக்குப் போகிறவர்களிடம் எஃப்ஜேஆரும் எஸ்டியும் ரொம்பப் பிரபலம்.

அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்? ஐரோப்பாவில் யூரோ 5 மாசுக் கட்டுப்பாடு 2020-ல் புது மாடல்களுக்கும் 2021-ல் எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமானது. பழைய இன்ஜினை அதுக்கு ஏற்ப மாற்றப் பெரிய செலவாகும். செலவு செய்யலாம், விற்பனை இருந்தால். ஆனால் பெரிய பைக் வாங்குபவர்கள் அதற்குள் அட்வெஞ்சர் பைக் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பிஎம்டபிள்யூ ஜிஎஸ் மாதிரி உயரமான, எந்த ரோட்டிலும் போகலாம் என்ற தோற்றம் கொண்ட வண்டிகள். யமஹா 2020-ல் ஐரோப்பாவில் எஃப்ஜேஆருக்கு விடை கொடுத்தது. ஹோண்டா எஸ்டி 1300 அதுக்கு முன்னாடியே போய்விட்டது, அதே இடத்தில் இன்னொரு வி4 ஷாஃப்ட் வண்டியை வைக்கவும் இல்லை.

அட்வெஞ்சர் பைக்குக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஒரு சின்ன எண்ணைப் பாருங்கள். எஸ்டி 1100 சீட்டின் உயரம் 800 மில்லிமீட்டர். எஃப்ஜேஆர் 805. பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ் வழக்கமான சீட்டில் 850. ஐந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். 60 வயதில், முட்டி வலியோடு, பெட்டி நிறையச் சாமானும் பின்னால் மனைவியும் இருக்க, சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டியவருக்கு அது பெரிய தூரம்.

பணக் கணக்கும் இருக்கு

பெரிய பைக்கின் விலை வாங்கிய முதல் சில வருஷத்தில்தான் வேகமாகச் சரியும். 15 வருஷம் ஆன பிறகு, சரிய வேண்டியதெல்லாம் சரிந்துவிட்டது. அதுக்கு மேல் வைத்திருந்தால் பெரிய நஷ்டம் இல்லை, விற்றால் பெரிய பணமும் வராது.

அதோடு, இவர்கள் வண்டியைத் தங்கள் உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்திருப்பார்கள். சீட்டைத் தைத்து மாற்றியிருப்பார்கள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தியிருப்பார்கள். விண்ட்ஷீல்டு, சஸ்பென்ஷன் ஸ்பிரிங், கூடுதல் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டிருப்பார்கள். விற்கும்போது இதுக்கெல்லாம் யாரும் காசு தர மாட்டார்கள். புது வண்டி வாங்கினால் இது அத்தனையையும் முதலில் இருந்து ஆரம்பிக்கணும்.

ஆனா, எல்லாம் நல்லதா?

இல்லை. விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

முதல் விஷயம் பிரேக். பழைய கான்கர்ஸில் ஏபிஎஸ் கிடையாது. எஸ்டி 1100-ல் ஏபிஎஸ் இருந்த வகையும் உண்டு, இல்லாததும் உண்டு. இன்றைய வண்டிகளில் வளைவில் சாய்ந்திருக்கும்போதே பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் சென்சார்கள் வந்துவிட்டன. மழையில், திடீரென்று குறுக்கே ஒரு கார் வந்தால், இதில் எது மேல் என்பதில் விவாதமே கிடையாது. "நான் 30 வருஷமா ஓட்டுறேன், எனக்கு ஏபிஎஸ் வேணாம்" என்பது நம்பிக்கை மட்டும்தான். எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் ஈரமான தார்ச்சாலை அதே ஈரத் தார்ச்சாலைதான்.

இரண்டாவது, ரப்பர். கம்மியாக ஓடின பழைய வண்டி கிடைத்தால் பொக்கிஷம் என்று நினைப்பார்கள். ஆனால் ஓடாமல் நின்றாலும் பிரேக் ஹோஸ், கார்புரேட்டர் ரப்பர், டயர் எல்லாம் இறுகிப்போகும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? முதல் இரண்டு எண் எந்த வாரம், அடுத்த இரண்டு எண் எந்த வருஷம். 2314 என்றால் 2014-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் வேகமாகப் போகக் கூடாது. இது உங்க ஸ்கூட்டருக்கும் பொருந்தும், இப்பவே போய்ப் பாருங்க.

மூன்றாவது, சட்டம். லண்டனில் குறைந்த மாசு மண்டலத் திட்டம் 2023 ஆகஸ்ட் 29-ல் நகரத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவானது. மோட்டார் சைக்கிள் யூரோ 3 தரத்தை எட்டணும். எட்டாத வண்டியை அங்கே ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டணம். பொதுவாக 2007 ஜூலைக்கு முந்தைய வண்டிகள் இதில் மாட்டும். வீடு லண்டனுக்குள் இருந்தால், பால் வாங்க எஸ்டி 1100-ஐ எடுத்தாலும் 12.50 பவுண்டு! வண்டியைத் தனியாகச் சோதித்து, வெளிவிடும் நைட்ரஜன் ஆக்ஸைடு அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று நிரூபித்து விலக்கு வாங்க வழி இருக்கு. அதையும் செய்கிறார்கள். 40 வருஷம் தாண்டின பழம்பெரும் வண்டி என்றால் கட்டணம் கிடையாது. 20, 30 வயது வண்டிகள்தான் நடுவில் சிக்கிக்கொள்கின்றன.

பெட்ரோலும் மாறிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இருந்து சாதாரண பெட்ரோல் என்றாலே 10 சதவீதம் எத்தனால் கலந்தது. கார்புரேட்டர் வண்டிக்காரர்களில் பலர் கூடுதல் விலை கொடுத்து எத்தனால் குறைந்த பெட்ரோலைப் போடுகிறார்கள்.

நம்ம ஊர்ல இது கரிஸ்மா கதை

எஸ்டியும் கான்கர்ஸும் நம்ம ரோட்டில் பார்க்கக் கிடைக்காது. ஆனால் அந்த வேலையைச் சின்ன அளவில் இங்கே செய்த வண்டி ஒன்று இருக்கு. 2003-ல் ஹீரோ ஹோண்டா கொண்டுவந்த கரிஸ்மா. 223 சிசி, சுமார் 17 குதிரைத்திறன், முன்பக்கம் அரை ஃபேரிங், 15 லிட்டர் டேங்க். ஹிருத்திக் ரோஷன் விளம்பரம் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். 100 சிசி வண்டியில் மைலேஜ் கேட்டுக்கொண்டிருந்த நாட்டில், பைக்கில் ஊர் சுற்றலாம், லடாக் வரை போகலாம் என்று ஒரு தலைமுறைக்கு ஆசை காட்டிய வண்டிகளில் இதுவும் ஒன்று. பஜாஜ் பல்சர் 220எஃப் இன்னொன்று. அதை 2022-ல் நிறுத்தினார்கள், 2023-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நிறுத்தின வண்டியை ஒரே வருஷத்தில் கம்பெனியே திரும்ப எடுத்து வருவது அடிக்கடி நடப்பதில்லை.

பழைய கரிஸ்மாவை வைத்திருப்பவர்கள் சொல்லும் காரணங்களும் கிட்டத்தட்ட அதேதான். காற்றில் ஆறும் எளிமையான இன்ஜின், தெரு முனை மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார், நாள் முழுக்க 90-ல் ஓட்டினாலும் சலிக்காது. குறைகளும் அதேதான். முதல் கரிஸ்மாவில் பின்சக்கரத்தில் டிரம் பிரேக், ஏபிஎஸ் இல்லை. இந்தியாவில் 125 சிசிக்கு மேல் எல்லா புது பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயமானதே 2019 ஏப்ரலில்தான்.

இப்போ அவர்களுக்கு முன்னால் இருப்பது ஆர்.சி. புதுப்பிப்பு. பைக் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதுக்கப்புறம் ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். 300 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டின பைக்குகளுக்கு 2,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். முதல் வருஷக் கரிஸ்மா எல்லாம் இந்த 20 வருஷக் கோட்டைத் தாண்டிவிட்டது.

கூடவே 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் ட்யூபையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் ஒரு தடவை பார்த்து, இறுகியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோலை வடித்துவிடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

ஹீரோ நிறுவனம் 2023 ஆகஸ்டில் கரிஸ்மா எக்ஸ்எம்ஆர் என்று புது வண்டியை அதே ஹிருத்திக்கை வைத்தே அறிமுகம் செய்தது. 210 சிசி, லிக்விட் கூலிங், ஆறு கியர், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். பேப்பரில் பார்த்தால் பழசை விடப் பலவற்றில் மேல். அப்படியும் பழைய கரிஸ்மாவுக்குச் சாமான் தேடி அலைபவர்கள் அலைந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.